மன்னரின் குரலும் மன்றத்தின் சொல்லும்

முடியாட்சியில் மன்னர் வாய்மொழியே சட்டம் என எண்ணுவது இயல்பு. அவ்வெண்ணம் ஆங்கில மண்ணில் தகர்ந்த வரலாறு குருதி தோய்ந்தது.

1642 ஜனவரி 4ஆம் நாள் முதலாம் சார்லஸ் மன்னர், உறுப்பினர் ஐவரைச் சிறைபிடிக்கப் படைவீரருடன் பொதுமக்கள் அவைக்கு வந்தார். அவர்களோ முன்னரே தப்பியிருந்தனர். அவர்கள் எங்கே என வினவிய மன்னரிடம், அவை பணித்தாலன்றிக் காணக் கண்ணும் பேச நாவும் தமக்கில்லை என்றார் அவைத்தலைவர் வில்லியம் லெந்தால். அவ்வாண்டே உள்நாட்டுப் போர் மூண்டது. 1649இல் மன்னரின் தலை வீழ்ந்தது.

1660இல் முடியாட்சி மீண்டது. மன்னரின் தனியதிகாரம் நிலைக்கவில்லை. நாடாளுமன்ற இசைவின்றி வரி விதிக்கலாகாது, சட்டத்தை நிறுத்திவைக்கலாகாது என 1689ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் வரையறுத்தது. 1708இல் ஆன் அரசியார், அமைச்சர் அறிவுரைப்படி ஒரு சட்ட முன்வடிவுக்கு இசைவு மறுத்தார். அதன்பின் எந்த மன்னரும் மறுத்ததில்லை. பொதுமக்கள் அவையின் நம்பிக்கையைப் பெற்றவரே தலைமை அமைச்சராக நீடிப்பார் என்னும் மரபும் நாளடைவில் வேரூன்றிற்று.

இன்றும் நாடாளுமன்றத் தொடக்க நாளில், பொதுமக்கள் அவையினரை அழைக்க வரும் மன்னரின் தூதர் முகத்தெதிரே கதவு அறைந்து சாத்தப்படுகிறது. அவர் மும்முறை தட்டிய பின்னரே அது திறக்கிறது. பிரபுக்கள் அவையில் மன்னர் 'என் அரசு' என உரையாற்றுகிறார். உரையை எழுதித் தருவது அமைச்சரவை.

குரல் மன்னருடையது, சொல் மன்றத்தினுடையது. அச்சொல் கைமாறுவதற்கு ஒரு போரும் ஒரு முடிமன்னரின் தலையும் விலையாயின.