விஜயலட்சுமிக்குப் பெயர் வைத்தவர்கள்

சில்க் ஸ்மிதாவைத் தெரியாதவர் கிடையாது. விஜயலட்சுமி என்றால்? ஏலூர் பக்கம் கொவ்வலி கிராமத்தில் 1960-ல் பிறந்த பெண். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. சின்ன வயதிலேயே கல்யாணம், அது நிலைக்கவில்லை, மெட்ராசுக்கு வந்தாயிற்று. ஆரம்பத்தில் நடிகைகளுக்கு டச்-அப் செய்யும் வேலை.

பிறகுதான் பெயர் சூட்டும் படலம். 'ஸ்மிதா' தான் வைத்த பெயர் என்று மலையாளத்தில் 'இணையே தேடி' எடுத்த ஆண்டனி ஈஸ்ட்மேன் சொல்லி வந்தார். தமிழில் வினுசக்கரவர்த்தி. ஆமாம், நாம் காமெடியில் பார்த்து சிரித்த அதே மனிதர்தான். அவர் முதலில் கதாசிரியர். அவர் கதையை கே.விஜயன் இயக்க, 1980-ல் 'வண்டிச்சக்கரம்' வந்தது. அதில் சாராயம் ஊற்றிக் கொடுக்கும் பெண்ணின் பெயர் சில்க். அந்தப் பெண்ணை வீட்டில் வைத்தே தயார் செய்தார்கள். வினுசக்கரவர்த்தியின் மனைவி ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார், டான்ஸுக்கும் ஏற்பாடு ஆயிற்று. இது பரிவா, முதலீடா? இரண்டும் கலந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

படம் ஓடியது, பாத்திரத்தின் பெயர் நடிகையோடு ஒட்டிக்கொண்டது. (பி.காம் பாஷையில் சொன்னால் டிரேட் மார்க். ஆனால் சொந்தக்காரர் யார்?) சாவித்திரி, சுஜாதா, சரிதா மாதிரி குணச்சித்திரம் செய்யத்தான் ஸ்மிதாவுக்கு ஆசை, பேட்டியிலும் சொன்னார். 1981-ல் பாரதிராஜா 'அலைகள் ஓய்வதில்லை'யில் கண்ணியமான மனைவி வேடம் தந்தார், நன்றாகவே செய்தார். 1982-ல் பாலுமகேந்திராவின் 'மூன்றாம் பிறை'. அதில் வயதான தலைமையாசிரியரின் மனைவி. ஏக்கம் நிறைந்த பாத்திரம், ஆனால் ஜனங்களுக்கு ஞாபகம் நின்றது பாட்டும் ஆட்டமும்தான். அதன்பின் விலைபோகாத படத்துக்குக் கூட ஸ்மிதா பாட்டு ஒன்றைச் சேர்த்தால் போதும், விநியோகஸ்தர் வருவார் என்ற நிலை.

ஜெர்மனியில் 1930-ல் 'புளூ ஏஞ்சல்' எடுத்த ஸ்டெர்ன்பெர்க், மார்லின் டீட்ரிச்சை வைத்து 1935 வரை மொத்தம் ஏழு படம் எடுத்தார். அவரைத் தன் படைப்பு என்றே நினைத்தார். ஆனால் பிரிந்த பிறகும் டீட்ரிச் பல பத்தாண்டுகள் தன் பெயரில் மேடையேறினார். இங்கே கதை வேறு. சொந்தமாகப் படம் தயாரித்து நஷ்டப்பட்ட ஸ்மிதா, 1996 செப்டம்பர் 23 அன்று சென்னை வீட்டில் இறந்து கிடந்தார். வயது 35.

அவர் வாழ்க்கையைத் தழுவியதாகச் சொல்லப்பட்ட இந்திப் படம் 'தி டர்ட்டி பிக்சர்' 2011 டிசம்பர் 2 அன்று வெளியானது. விஜயலட்சுமியின் பிறந்த நாள் அது. படத்தில் அந்தப் பெண்ணின் பெயர் ரேஷ்மா. சினிமாவுக்கு வந்ததும் அவளுக்கும் சில்க் என்றுதான் பெயர் வைக்கிறார்கள்.