மூத்தோன் லேபிளில் இடம்பெற்ற ஓவியர்கள்

பிரான்சின் போர்தோ வட்டாரத்தில் விளைந்த ஒயின், அதாவது திராட்சை மது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பெரும்பாலும் பீப்பாய்களிலேயே தோட்டத்தை விட்டு வெளியேறியது. அதை முதிரவைத்துப் புட்டியில் அடைக்கும் வேலையை நகரத்து வணிகர்கள் பார்த்துக்கொண்டனர். போயாக் ஊரின் ஷாத்தோ மூத்தோன் ரோத்ஷில்ட் தோட்டத்தை 1922இல் ஏற்ற பிலிப் த ரோத்ஷில்ட், 1924ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து மது முழுவதையும் தோட்டத்திலேயே அடைக்க முடிவு செய்து, அம்மாற்றத்தை உலகுக்கு அறிவிப்பதற்காகச் சுவரொட்டி ஓவியர் ழான் கார்லுவைக் கொண்டு லேபிள் வரையச் செய்தார். அப்போது வழக்கமாக வேரூன்றாத அந்த எண்ணத்துக்கு உயிர் கொடுத்தது இரண்டாம் உலகப் போரின் முடிவுதான். யூதக் குடும்பத்தவரான பிலிப், போர்க்காலத்தில் ஜெர்மனியுடன் ஒத்துழைத்த பிரான்சின் விஷி அரசால் சிறைவைக்கப்பட்டவர். அவர் மனைவி ராவன்ஸ்புரூக் நாஜி வதைமுகாமில் இறந்தார். 1945ஆம் ஆண்டு மதுவுக்கு இளம் ஓவியர் பிலிப் ஜூலியான் வெற்றியைக் குறிக்கும் ‘வி’ எழுத்தை வரைந்தார். அதன்பின், சில விதிவிலக்குகள் நீங்கலாக, ஒவ்வோர் அறுவடை ஆண்டுக்கும் ஓர் ஓவியர் என்பது மரபாயிற்று. ஊதியம் பணமாக அன்றி மதுவாகவே தரப்பட்டது.

பிராக், டாலி, பிகாசோ ஆகியோரின் பெயர்களால் புகழ்பெற்ற இவ்வரிசையை, அதில் இடம் பெறாதவர்களை மனத்தில் கொண்டு பார்த்தால் வேறொரு வரலாறு தெரிகிறது. 1948இல் மரீ லொரான்சேன், 1952இல் லெயோனோர் ஃபினி, 1965இல் டோரோதியா டானிங், 1968இல் போனா என்று பெண்கள் அரிதாகவேனும் வந்துகொண்டிருந்த நிலை மாறி, 1969 முதல் 1990 வரையான லேபிள்களில் ஒரு பெண் ஓவியர்கூட இல்லை. 1988இல் பிலிப் இறந்தபின் அவர் மகளும் நாடக நடிகையுமான பிலிப்பீன் பொறுப்பேற்றார். 1991ஆம் ஆண்டு லேபிளை ஜப்பானிய ஓவியர் செட்சுகோ வரைந்தார். அவர் புகழ்பெற்ற ஓவியர் பால்துஸின் மனைவி என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஐரோப்பாவுக்கும் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கும் அப்பாற்பட்டவர்களின் வருகையும் மெதுவாகவே நிகழ்ந்தது. ஜப்பானின் ஹிசாவோ டோமோட்டோ 1979இலும், ஹெய்ட்டியின் பெர்னார் செஜூர்னே 1986இலும், சீனாவின் கு கான் 1996இலும், மும்பையில் பிறந்த அனிஷ் கபூர் 2009இலும், தென்னாப்பிரிக்காவின் வில்லியம் கென்ட்ரிட்ஜ் 2016இலும் இடம்பெற்றனர். இவர்களுள் செஜூர்னேயின் தேர்வே மிகவும் கவனிக்கத்தக்கது. ஏனெனில் கபூரும் கென்ட்ரிட்ஜும் உலகக் கலைச் சந்தை ஏற்கெனவே கொண்டாடிய பெயர்கள், ஹெய்ட்டி ஓவியருக்கோ அத்தகைய பின்புலம் இல்லை. தேர்வு எந்நாளும் உரிமையாளர் குடும்பத்தின் கையிலேயே இருந்ததால், அவர்களுடைய நட்பும் ரசனையும் எட்டிய தொலைவே இம்மரபின் எல்லையாக அமைந்தது.