இரண்டாவது நட்சத்திரம்

நிரல் எழுதுகிறவர்கள் நடுவிலே குறிப்பும் எழுதி வைப்பார்கள். "இது சராசரி எடுக்குது, வெறும் பட்டியல் குடுக்காதீங்க" என்ற மாதிரி. கணினி அதைத் தாண்டிப் போய்விடும். அது மனிசருக்கு மனிசர் எழுதினது. அந்தக் குறிப்பை இயந்திரமும் வாசிக்கத் தொடங்கினால் என்ன நடக்கும்?

நிரலை முதலில் மனிசர் வாசிக்கத்தான் எழுதவேணும் என்று 1984இல் டொனால்ட் குனூத் வாதிட்டார். அவருடைய முறையில் விளக்கமும் நிரலும் ஒரே கோப்பில் இருக்கும். ஒரு கருவி அதிலிருந்து அச்சுக்குரிய ஆவணத்தை எடுக்கும், மற்றது நிரலைப் பிரித்தெடுக்கும். நல்ல யோசனைதான். ஆனால் நிரலாளர் எல்லாரும் கட்டுரையாளராகவும் இருக்கவேணுமே!

1990களில் ஜாவாவோடு வந்த ஜாவாடொக் அவ்வளவு கேட்கவில்லை. சாதாரணக் குறிப்பு ஒரு சாய்கோடும் ஒரு நட்சத்திரமுமாகத் தொடங்கும். இன்னொரு நட்சத்திரம் சேர்த்தால் ஜாவாடொக் வாசிக்கும். முதல் வசனத்தைச் சுருக்கமாக எடுக்கும். வரித் தொடக்கத்தில் @ வந்தால் உள்ளீடு, பெறுபேறு என்று பிரித்து இணையப் பக்கமாக்கும். வசனம் முடிந்தது என்று அதற்கு எப்படித் தெரியும்? முற்றுப்புள்ளிக்குப் பின் இடைவெளி வந்தால் முடிவு. "பேரா." என்று சுருக்கி எழுதினால் சுருக்கமும் அதோடு சரி.

பிறகு எல்லை குழம்பியது. 'இது கைவிடப்பட்டது' எனச் சொல்லும் @ குறியை ஜாவாவின் கம்பைலரும் கவனித்து எச்சரிக்கை தந்தது. எக்ஸ்டொக்லெற் போன்ற கருவிகள் குறிப்பில் இருந்தே அமைப்புக் கோப்புகளை உருவாக்கின. அதில் எழுத்துப்பிழை விட்டால் கம்பைலர் வாயே திறக்காது. அதற்கு அது வெறும் குறிப்புத்தானே. 2004இல் ஜாவா 5 இப்படியான கட்டளைகளுக்கு அனொட்டேஷன் என்ற தனி இலக்கணம் கொடுத்தது. பிஎச்பியும் அதே பாதையால் நடந்து, 2020இல் 8ஆம் பதிப்பில் அதே முடிவுக்கு வந்தது.

ஆக, கட்டளை குறிப்பை விட்டு வெளியேற, மனிசருக்கான பேச்சு அங்கேயே மிஞ்சியது. குறிப்பில் உள்ள உள்ளீட்டுப் பெயர் நிரலிலும் இருக்கா என்று இன்றைய கருவிகள் சோதிக்கும். ஆனால் "வெறும் பட்டியல் குடுக்காதீங்க" என்பது இன்னும் உண்மையா? @ குறியைப் பிரித்துப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. யாரோ ஒருவர் நிரலையும் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கத்தான் வேணும்.