வேலியில் நின்ற பசளியும் மொஸ்மன் சகோதரிகளும்

எங்கள் வீட்டுப் பின்வேலியில் ஒரு கொடி படர்ந்திருந்தது. தடித்த, மினுமினுப்பான, இதய வடிவ இலைகள். அம்மா அதைப் பசளி என்றுதான் சொல்வார். நாங்கள் இந்த வீட்டுக்கு வந்தபோதே அது அங்கே நின்றதாம். காசு கொடுக்காமல் கிடைத்த கீரை என்று சந்தோஷப்பட்டுப் பருப்போடு சேர்த்துக் கறி வைப்பார். நான் சிட்னியில் பிறந்தவள். யாழ்ப்பாணத்துப் பசளி எப்படி இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அம்மா சொன்னால் அது பசளிதான்.

பதினைந்து வயதில் டியூக் ஒஃப் எடின்பரோ விருதுக்காக ஏதாவது தொண்டு செய்ய வேண்டியிருந்தது. உங்களில் பலரும் இதைச் செய்திருப்பீர்கள். என் தோழிகள் முதியோர் இல்லத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். எனக்கு வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் போதும். டூங்காபி ஓடைக்கரையில் மாதத்தில் ஒரு ஞாயிறு களை பிடுங்கும் ஒரு சிறு குழு இருந்தது, அதில் சேர்ந்தேன். ஏழெட்டுப் பேர். என்னைத் தவிர எல்லோருக்கும் அறுபது வயதுக்கு மேல்.

முதல் நாளே குழுத் தலைவி, ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியை, என்னை ஒரு மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மரம் தெரியவில்லை. ஒரு கொடி அதை அடி முதல் நுனி வரை போர்வை போல மூடியிருந்தது. தண்டு முழுக்கச் சின்னச் சின்ன உருளைக்கிழங்குகள் மாதிரி முண்டுகள். கொடியைப் பிடித்து இழுத்தால் அவை பொலபொலவென்று கொட்டும், ஒவ்வொன்றும் ஒரு புதுக் கொடியாகும் என்றார். மடெய்ரா வைன் என்பது அதன் பெயர், தென்னமெரிக்காவிலிருந்து வந்தது.

"இதை நாங்கள் வீட்டில் சாப்பிடுகிறோமே!" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

அம்மா முழுக்கப் பிழை விடவில்லை என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். பசளியும் மடெய்ரா வைனும் ஒரே தாவரக் குடும்பம். இரண்டின் இலையையும் தின்னலாம். பசளி கருஞ்சிவப்புப் பழம் பழுக்கும். மற்றது வெள்ளை வால் போலப் பூத்துத் தொங்கும், கிழங்குகளைக் கொட்டும். கண்ணுக்கு உறவு, குணத்துக்கு வேறு.

ஆனால் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தக் கொடி இல்லை, மூன்றாவது மாதம் நான் செய்த ஒரு வேலை.

அன்றைக்கு எனக்கு வேகம் வந்துவிட்டது. ஒரு மூலையில் மண்டியிருந்த லன்டானாவையும் பிறிவெட்டையும் இரண்டு மணித்தியாலத்தில் தரைமட்டமாக்கினேன். ஏறத்தாழ ஒரு கிரிக்கெட் பிட்ச் அளவு நிலம். வெறும் மண் பளிச்சென்று தெரிந்தது. படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன், லண்டன் மாமா கைதட்டினார். கோடை மழை வந்தது. அடுத்த தவணை போய்ப் பார்த்தால் அந்த இடம் பச்சைக் கம்பளம். எல்லாமே களை. முன்பு இரண்டு வகை நின்ற இடத்தில் இப்போது ஐந்து வகை. தலைவி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் ஒரு பழைய புத்தகத்தைக் கொண்டுவந்து என் கையில் தந்தார்.

அதை எழுதியவர் ஜோன் பிராட்லி. சிட்னித் துறைமுகத்தின் வடகரையில் உள்ள மொஸ்மன் பகுதியில் அவரும் அவருடைய அக்கா ஐலீனும் வாழ்ந்தார்கள். ஐலீன் பிறந்தது 1911, ஜோன் 1916. அங்கே பிராட்லிஸ் ஹெட் என்று ஒரு முனை இருக்கிறது, சிட்னிக்காரர் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயர் இவர்களைக் குறிப்பதில்லை. 1788இல் முதற் கப்பல் கூட்டத்தோடு வந்த வில்லியம் பிராட்லி என்ற கடற்படை அதிகாரியைக் குறிப்பது. நானும் முதலில் குழம்பித்தான் போனேன்.

சகோதரிகள் இருவரும் முதலில் பறவை பார்ப்பவர்கள். நீல ரென் என்ற சின்னஞ்சிறு குருவிகளின் காலில் வண்ண வளையம் போட்டு, எது எது என்று அடையாளம் வைத்து, அவற்றின் நடத்தையைக் குறித்துக்கொண்டார்கள். அந்தக் குறிப்புகள் 1958இல் ஒரு பறவையியல் இதழில் வெளிவந்தன. நாளுக்கு நாள் அதே பாதையில் நடந்து, அதே புதரைப் பார்த்துக்கொண்டிருக்கிற பொறுமை அவர்களுக்கு இருந்தது. பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்தப் பொறுமைதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

1960களில் அவர்கள் நடந்து திரிந்த அஷ்டன் பார்க் காட்டுக்குள் களை புகுந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்து வழக்கம் எளிமையானது. களை எங்கே அடர்த்தியோ அங்கே ஆட்களை இறக்கு, வெட்டு, எரி. நான் ஓடைக்கரையில் செய்ததும் அதுதான். வெட்டிய இடத்தில் களை முன்னைவிட வேகமாகத் திரும்பி வருவதைச் சகோதரிகள் கவனித்தார்கள். திறந்த மண்ணும் வெயிலும் களைக்கு விருந்து. உள்ளூர்ச் செடி மெதுவாக வளர்வது, அதற்குள் பந்தி முடிந்துவிடும்.

அவர்கள் தலைகீழாகச் செய்து பார்த்தார்கள். காடு எங்கே நல்லபடியாக இருக்கிறதோ அங்கேயே தொடங்கினார்கள். நூறு உள்ளூர்ச் செடிக்கு நடுவில் ஒரு களை நின்றால் அந்த ஒன்றைப் பிடுங்கி, கிளறிய மண்ணை அமர்த்தி, மேலே இருந்த சருகை மறுபடி மூடிவிட்டு நகர்ந்தார்கள். நல்ல இடத்திலிருந்து கெட்ட இடத்தை நோக்கி, அங்குலம் அங்குலமாக. மூன்றாவது விதிதான் எனக்குச் சுட்டது: உள்ளூர்ச் செடிகள் எவ்வளவு வேகமாகத் திரும்பி வருகின்றனவோ, அதைவிட வேகமாகக் களையை எடுக்காதே. வேகத்தைத் தீர்மானிப்பது நீ இல்லை, காடு.

நடுவதற்கு ஒரு கன்றும் வாங்கவில்லை. மண்ணுக்குள் தூங்கிக் கிடந்த விதைகள் தாமே முளைத்தன. சில ஆண்டுகளில் ஏறத்தாழ 16 ஹெக்டேர் நிலம், எப்போதாவது ஒருமுறை போய்ப் பார்த்தால் போதும் என்ற நிலைக்கு வந்தது. இரண்டு பெண்கள், கையில் சின்னக் கருவிகள். ஓய்வு நேரம்தான் மூலதனம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீல ரென் ஒளிந்துகொள்ளவும் கூடு கட்டவும் அடர்ந்த புதர் தேவை. பல இடங்களில் இப்போது அதற்கு மிஞ்சியிருப்பது லன்டானாப் புதர்தான். ஒரே நாளில் வெட்டினால் குருவிக்கு வீடு போய்விடும். அப்படியென்றால் நான் படம் எடுத்துப் போட்ட அந்த மூலையில் என்ன இருந்தது? நான் பார்க்கவேயில்லை.

சகோதரிகள் தங்களோடு இதை வைத்துக்கொண்டிருந்தால் இன்று யாருக்கும் தெரிந்திருக்காது. 1967இல் களைகளைப் பற்றி ஒரு சிறு நூல், 1971இல் இன்னொன்று. வந்து கேட்டவர்களைக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கையைப் பிடித்துக் காட்டினார்கள். 1976இல் ஐலீன் இறந்தார். அந்தக் காலப்பகுதியில் நியூ சவுத் வேல்ஸ் தேசிய டிரஸ்ட் இந்த முறையைக் கையில் எடுத்து ஆட்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கியது, ஜோன் அதற்கு வழிகாட்டினார். 1982இல் அவரும் போய்விட்டார். என் கையில் கிடைத்த புத்தகம் 1988இல், அவர் இறந்து ஆறு ஆண்டுகள் கழித்து, கூட வேலை செய்தவர்கள் தொகுத்து வெளியிட்டது. 1989இல் அரசாங்கம் லான்ட்கெயார் இயக்கத்துக்குப் பணம் ஒதுக்கியது, 90களில் கவுன்சில்கள் தோறும் புஷ்கெயார் குழுக்கள் பெருகின. எங்கள் ஓடைக்கரைக் குழு அந்த வரிசையில் ஒரு கடைக்குட்டி.

அவர்கள் சொன்னது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. மொஸ்மன் மண் ஒருபோதும் உழப்படாத மண், அதனால்தான் விதை உள்ளே இருந்தது. டூங்காபியில் 1791இலேயே கைதிகளை வைத்து அரசாங்கப் பண்ணை தொடங்கிவிட்டார்கள். இருநூறு வருஷம் கிளறிய மண். நாங்கள் எவ்வளவு பொறுமையாக இருந்தாலும் சில செடிகள் வரவே வராது, நட்டுத்தான் ஆக வேண்டும். அடிமரத்தை வெட்டி மருந்து பூசவும் செய்கிறோம், ஜோனுக்கு அது பிடித்திருக்காது.

சரி, இந்தச் செடிகள் எப்படி இங்கே வந்தன? பெரும்பாலும் யாரோ ஆசையோடு கொண்டுவந்தவை. லன்டானா பூவுக்காக வந்தது. ஆபிரிக்க ஒலிவ் வேலிக்கும் ஒட்டுக்கன்றுக்கும் வந்தது. பிட்டூ என்ற கடற்கரைப் புதரை 1946 முதல் 1968 வரை அரசாங்கமே மணலைப் பிடித்துவைக்க நட்டது. சப்பாத்திக்கள்ளியின் கதை இன்னும் வேடிக்கை. 1788இல் ஆளுநர் ஆர்தர் பிலிப் அதைப் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தார். அதில் வாழும் பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுக்கலாம், படைவீரரின் சிவப்புச் சட்டைக்கு ஆகும் என்பது திட்டம். ஏறத்தாழ அதே காலத்தில், அதே சாயத்துக்காக, ஜேம்ஸ் அன்டர்சன் என்ற மருத்துவர் சென்னைச் சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டம் போட்டார். ஒரே பேரரசு, ஒரே ஆசை. 1920களின் நடுவில், பின்னர் வந்த வேறு கள்ளி வகைகளும் சேர்ந்து, அவுஸ்திரேலியாவில் ஏறத்தாழ 2.4 கோடி ஹெக்டேரை மூடியிருந்தன. ஆர்ஜென்டினாவிலிருந்து வரவழைத்த ஒரு அந்துப்பூச்சியின் புழுக்கள் அதைத் தின்று தீர்த்தன. அந்தப் பூச்சிக்கு நன்றியாகக் குவீன்ஸ்லாந்தில் ஒரு மண்டபமே இருக்கிறது.

லன்டானாவுக்கும் அப்படி ஒரு பூச்சி இல்லையா என்று நானும் கேட்டேன். 1914 முதல் முப்பதுக்கும் மேற்பட்ட பூச்சி வகைகளை இங்கே விட்டுப் பார்த்துவிட்டார்கள், சரிவரவில்லை. மிஞ்சியது மனிதக் கைகள்தான். தமிழ்நாட்டிலும் அதே கதை. முதுமலைக் காட்டில் இந்தச் செடி மண்டிக் கிடக்கிறது, உண்ணிச்செடி என்பார்கள். நீலகிரிப் பழங்குடியினர் அதன் தண்டை வெட்டி வளைத்து நிஜ யானை அளவில் யானைகள் செய்தார்கள். 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்ற அந்த யானைகளோடு உங்களில் யாராவது படம் எடுத்திருக்கக்கூடும்.

ஓடைக்கரையில் எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. வெளியிலிருந்து வந்தவை, கட்டுக்கடங்காமல் பெருகுபவை, இங்குள்ளதை அழிப்பவை. எங்கள் துண்டுப்பிரசுரத்தில் இருந்த சொற்கள் இவை. நான் சின்னவளாக இருந்தபோது தொலைக்காட்சியில் 'படகுகளை நிறுத்துங்கள்' என்ற கோஷம் ஓயாமல் கேட்டது. அப்பா சத்தத்தைக் குறைத்துவிடுவார். அதே மாதிரிச் சொற்களை ஒரு செடியைப் பற்றி எழுதி, நானே வீடு வீடாகக் கொடுப்பதா?

தலைவியிடம் கேட்டேவிட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "செடி தானாக வரவில்லையே, யாரோ கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தவர்கள் வேறு, மனிதர்கள் வேறு, செடி வேறு," என்றார். பிறகு, வெளியிலிருந்து வந்த செடிகளில் மிகச் சிலதான் தொல்லை தருகின்றன என்றார். யோசித்துப் பார்த்தேன். எங்கள் மிளகாயே அமெரிக்காவிலிருந்து வந்தது. அது இல்லாமல் ஒரு கறி உண்டா? அது வேலி தாண்டி ஓடி மரத்தைக் கொல்லவில்லை. அயல் தாவரம் என்பது ஒன்று, ஆக்கிரமிக்கும் தாவரம் என்பது வேறு. இந்த மண்ணின் சொந்தக்காரர்களான தாருக் மக்கள் ஆக்கிரமிப்பு என்ற சொல்லை எங்களைவிட நன்றாக அறிவார்கள். அவர்களிடம் யாரும் கேட்டுவிட்டு வரவில்லை, எங்கள் குடும்பம் உட்பட.

தமிழில் ஒரு பக்கப் பிரசுரம் எழுத நான் ஒப்புக்கொண்டேன். 'வந்தேறி' என்ற சொல்லை மட்டும் போடவில்லை. 'தோட்டத்தைத் தாண்டி ஓடும் செடிகள்' என்று எழுதினேன். தோட்டக் கழிவை வேலிக்கு அப்பால் வீசாதீர்கள் என்பதுதான் முக்கியமான செய்தி, ஓடைக்கரைக் களையில் நிறைய அப்படித்தான் வருகிறது. எழுத்துப்பிழை திருத்தியது அம்மா. திருத்திக்கொண்டே படத்தைப் பார்த்தவர் நிறுத்தினார்.

"இது எங்கட பசளியெல்லே?"

"பசளி இல்லையம்மா."

"இவ்வளவு காலமும் சாப்பிட்டனாங்கள். ஒருத்தரும் சாகேல்லை."

இரண்டு கிழமை அந்தக் கொடியைப் பற்றி வீட்டில் ஒருவரும் கதைக்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தால் களைக்கு மேலே ஏதோ ஒன்றை நான் பிடுங்க வந்தது போல இருந்தது. ஊரில் விட்டுவந்த வேலியை அவர் இங்கே ஒரு கொடியில் கண்டுபிடித்து வைத்திருந்தார். நான் படம் போட்ட காகிதத்தோடு வந்து அது இல்லை என்கிறேன்.

ஒரு ஞாயிறு என்னை இறக்கிவிட வந்தவர் காரை நிறுத்திவிட்டு இறங்கினார். அந்த மூடிய மரத்தைப் பார்த்தார். கீழே கிடந்த கிழங்குகளைக் காலால் தள்ளிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. அன்று பின்னேரம் கத்தியும் கறுப்புப் பையுமாகப் பின்வேலியில் நின்றார். "இழுக்காதை பிள்ளை, கொட்டுப்படும்," என்று எனக்கே சொல்லித்தந்தார்.

பென்டில் ஹில்லில் இருக்கும் ஒரு மாமி உண்மையான பசளித் தண்டு தந்தார். தலைவியிடம் காட்டிக் கேட்ட பிறகுதான் நட்டோம். முதல் குளிருக்கு அது செத்துப்போனது. திரும்ப வைத்தோம்.

இது நான்காவது வருஷம். பழைய கொடியின் முளை இன்னும் வேலி ஓரத்தில் எங்கோ ஒரு மூலையில் எட்டிப் பார்க்கிறது. அம்மா காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து, குசினிக் கலண்டரில் எண்ணை எழுதுவார். போன கிழமை எழுதியது: இரண்டு.