டாஸ்க்பாரை எங்க வைக்கிறது?

விண்டோஸ் 3.1 காலத்தில் ஒரு யன்னலைச் சின்னதாக்கினால் அது ஐகனாகித் திரையின் அடியில் போய் நிற்கும். மேல வேறொரு யன்னல் விரிஞ்சிருந்தால் அந்த ஐகனும் மறைஞ்சிடும். புதுசாகப் பழகினவர்கள் புரோகிராமே மூடுபட்டுட்டுது எண்டு நினைச்சார்கள். மைக்ரோசொப்ட் ஆட்களை இருத்திச் சோதிச்சுப் பார்த்தது. கண்ணுக்கு முன்னால் இல்லாத ஒரு புரோகிராமைத் தேடித் திறக்கப் புதியவர்களுக்குச் சராசரியாக 9.5 நிமிடம் எடுத்ததாம்!

1995 ஓகஸ்ட் 24 அன்று வந்த விண்டோஸ் 95 இல், திறந்ததெல்லாம் வரிசையாக நிற்க அடியில் ஒரு பட்டை இருந்தது. (ஏகோர்ன் கணினிகளில் 1987 இலேயே இப்படியொன்று இருந்தது. பெயர் வாங்கினது விண்டோஸ்தான்.) ஓரத்தில் இருந்த பட்டனுக்கு 'ஸ்டார்ட்' எண்டு பெயர் வந்தது பிறகுதான். முதல் வடிவங்களில் அது 'சிஸ்டம்'. எங்க தொடங்கிறது எண்டு ஆட்களுக்கு விளங்கேல்லை.

பட்டையை மேலுக்கோ பக்கத்துக்கோ இழுத்து வைக்கலாம். 1997 இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4 உடன் குயிக் லோஞ்ச் வந்தது. அடிக்கடி தேவைப்படுகிற ஷோர்ட்கட்டுகள் ஸ்டார்ட்டுக்குப் பக்கத்திலேயே. 2009 இல் விண்டோஸ் 7 ஷோர்ட்கட்டையும் ஓடுகிற யன்னலையும் ஒரே ஐகனாக்கியது. 'பின்' பண்ணினால் சரி. வசதிதான், ஆனால் எது ஓடுது, எது சும்மா நிக்குது எண்டு உற்றுப் பார்க்க வேணும்.

2021 இல் விண்டோஸ் 11 ஐகன்களை நடுவுக்குக் கொண்டுபோனது. அவற்றைத் திரும்ப இடப்பக்கம் கொண்டுவர செட்டிங்ஸில் வழி இருந்தது. பட்டையைத் திரையின் பக்கத்துக்கு நகர்த்த மட்டும் வழி வைக்கேல்லை. இப்பத்தைய அகலத் திரைகளில் தட்டுப்பாடு உயரத்துக்குத்தான். கோட் எழுதுகிறவர்களும் நீளமாக வாசிக்கிறவர்களும் பட்டையைப் பக்கத்தில் வைத்து அந்த உயரத்தைத்தான் மிச்சம் பிடிச்சார்கள், 26 வருசமாக.