நொய்யல் கணக்கு: திருப்பூர்ச் சாயத்தொழிலின் வரலாறு

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல் ஆறு கோவை, திருப்பூர் வழியாகக் கிழக்கே ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. இது வற்றாத ஆறல்ல. மலையில் மழை பெய்யும் மாதங்களில் வெள்ளம் வரும். மற்ற நாட்களில் மணல்தான். அந்தக் கொஞ்ச வெள்ளத்தையும் வீணாக்காமல் பிடிக்க, கோவைப் பக்கத்தில் பழங்காலத்திலேயே அணைக்கட்டுகளும் வாய்க்கால்களும் சங்கிலிபோல் குளங்களும் அமைத்திருந்தார்கள். திருப்பூரின் தொழில் வரலாற்றைப் புரிந்துகொள்ள ஆற்றின் இந்தக் குணத்தை முதலில் அறிய வேண்டும். பெரிய ஆறு கழிவை நீர்க்கச் செய்து கடலுக்குத் தள்ளிவிடும். ஆண்டில் பல மாதம் காய்ந்து கிடக்கும் ஆற்றில் கொட்டியது கொட்டிய இடத்திலேயே தங்கி மண்ணில் இறங்கும்.

நொய்யல் கரைக்குத் தொழில் புதிதல்ல. ஈரோடு மாவட்டத்தின் கொடுமணலில் நடந்த அகழாய்வுகள், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே இரும்பு உருக்கியதற்கும் கல்மணி செய்ததற்கும் நூல் நூற்றதற்கும் சான்று தந்துள்ளன. திருப்பூரின் பனியன் தொழில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொடங்கியது. பல பத்தாண்டுகள் அது வெள்ளைப் பனியன் தொழிலாகவே இருந்தது. பின்னிய துணியை வெளுத்தால் போதும். பிளீச்சிங் பட்டறைகள் ஆற்றோரத்திலும் நல்லாறு, ஜம்மனை ஓடை ஆகியவற்றின் ஓரத்திலும் அமைந்தன. அந்தக் கழிவும் கழிவுதான் என்றாலும், அளவு சிறியது.

நிறம் ஏற்றுமதியோடு வந்தது. 1970களின் பிற்பகுதியில் இத்தாலிய வியாபாரிகள் திருப்பூருக்கு வரத் தொடங்கினார்கள். அடுத்த பத்தாண்டில் டி-ஷர்ட் ஆர்டர்கள் குவிந்தன. 1985-ல் சுமார் 15 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி, 2010 வாக்கில் பத்தாயிரம் கோடியைத் தாண்டிவிட்டது. 1980களின் தொடக்கத்தில் நூற்றுக்கும் குறைவாக இருந்த சாய, வெளுப்புப் பட்டறைகள் 1990களின் பிற்பகுதியில் 800-க்கு மேல் பெருகின.

பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றும்போது உப்பு அவசியம். தண்ணீரில் கரைந்த சாயத்தை இழையின் பக்கம் தள்ளுவது உப்புதான். அடர் நிறமென்றால் ஒரு லிட்டர் சாயத்தண்ணீருக்கு உப்பு 60 கிராமையும் தாண்டும். சாயத்தில் பெரும்பகுதி துணியில் பிடித்துக்கொள்ளும். உப்பு பிடிக்காது, போட்டது முழுதும் கழிவுநீரோடு வெளியே வந்துவிடும். அன்று பரவலாக இருந்த விஞ்ச் இயந்திரத்தில் ஒரு கிலோ துணியைச் சாயமேற்றி அலச நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடித்தது. ஊரில் அவ்வளவு தண்ணீர் இல்லை. கிராமத்துக் கிணறுகளிலிருந்து லாரிகளில் வந்தது. விவசாயம் பார்ப்பதைவிடக் கிணற்றுத் தண்ணீரை விற்பது லாபமாக இருந்ததால், உழவர்களில் ஒரு பகுதியினரும் இந்தத் தொழிலின் பங்காளிகளானார்கள். 1990களில் நாளொன்றுக்கு எட்டுக் கோடி லிட்டருக்கும் மேல் கழிவுநீர் நொய்யலுக்குள் போனது.

சட்டம் இல்லாததால் இது நடக்கவில்லை. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-லேயே வந்துவிட்டது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-ல் அமைந்தது. 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். 1989-ல் தமிழக அரசு, ஆறு முதலிய நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கடுமையாக மாசுபடுத்தும் தொழில்கள் தொடங்கக் கூடாது என்று அரசாணையே போட்டது. ஊரமைப்புக்கு 1971-ஆம் ஆண்டின் நகர், ஊரமைப்புச் சட்டம் இருந்தது. ஆனால் இவை ஒவ்வொன்றும் தனித்தனி மேசையில் கிடந்தன. மனையைப் பார்த்தவர் கழிவைப் பார்க்கவில்லை. கடன் கொடுத்தவர் தண்ணீரைப் பார்க்கவில்லை. ஏற்றுமதி இலக்கு வகுத்தவர்கள், அந்த இலக்குக்கு எத்தனை டன் உப்பு ஆற்றுக்குப் போகும் என்று கணக்குப் போட்டதாகத் தெரியவில்லை.

திருப்பூரின் தொழில் அமைப்பும் இதற்கு இடம் கொடுத்தது. இங்கே ஒரே கூரையின் கீழ் எல்லா வேலையும் நடப்பது அபூர்வம். நிட்டிங் ஒருவர், சாயம் ஒருவர், பிரிண்டிங் ஒருவர், தையல் இன்னொருவர் என்று எல்லாம் ஜாப் ஒர்க். ஏற்றுமதியாளர் கிலோவுக்கு இவ்வளவு என்று சாயக்கூலி பேசிக் கொடுத்துவிட்டால் அவர் பொறுப்பு முடிந்தது. கூலிக்குச் சாயமேற்றும் சிறு பட்டறைக்காரரோ, பக்கத்துப் பட்டறையைவிட ஐம்பது பைசா குறைத்தால்தான் ஆர்டர் கிடைக்கும் என்ற நிலையில் இருந்தார். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டை இந்தியா 1994-ல் கட்டாயமாக்கியபோதும், அது பெரிய திட்டங்களை ஒவ்வொன்றாக எடைபோடும் முறையாகவே அமைந்தது. எண்ணூறு சிறு பட்டறைகளைக் கூட்டி ஒரே திட்டமாகப் பார்க்கும் கண் அதற்கு இல்லை. இந்தக் கதையின் மையக் கோளாறு இதுதான்.

விளைவு ஒரத்துப்பாளையத்தில் தெரிந்தது. ஈரோடு, கரூர்ப் பகுதிகளில் ஆயிரக்கணக்கான ஏக்கருக்குப் பாசனம் தருவதற்காகச் சென்னிமலைப் பக்கம் நொய்யலின் குறுக்கே கட்டப்பட்ட அணை 1992 வாக்கில் பயன்பாட்டுக்கு வந்தது. மேலே சாயப்பட்டறைகள் பெருகிய அதே ஆண்டுகளில் கீழே பாசன அணை எழுந்தது. அரசுத் துறைகள் ஒன்றை ஒன்று பார்க்காமல் திட்டமிட்டதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. சில ஆண்டுகளிலேயே அணை கழிவுநீர்த் தேக்கமானது. அணைத் தண்ணீர் கேட்டுப் போராடுவது உழவர்களின் வழக்கம். இங்கே தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று உழவர்களே மனுக் கொடுத்தார்கள். தேங்கிய நீர் இறங்கிச் சுற்றுவட்டாரக் கிணறுகளும் உவர்ந்தன. நெல், வாழை, மஞ்சள் விளைந்த நிலத்தில் உப்பைத் தாங்கும் பயிர்கள் மட்டுமே மிஞ்சின.

உழவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அதே காலத்தில் பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வேலூர் வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும், கெடுதல் வருமுன் காக்க வேண்டும் என்ற இரு கொள்கைகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது அறிவித்தது. அந்தத் தீர்ப்பின் வழியே அமைந்த சூழல் இழப்பு ஆணையம் பின்னாளில் நொய்யல் பாசனப் பகுதியையும் ஆய்ந்து, 28,000-க்கும் மேற்பட்ட உழவர்களுக்கு இழப்பீடு நிர்ணயித்தது.

உயர் நீதிமன்ற நெருக்கடியால் 1990களின் பிற்பகுதியில் சுத்திகரிப்பு வசதியில்லாத பட்டறைகள் நூற்றுக்கும் மேல் மூடப்பட்டன. மற்றவை தனியாகவோ, பல பட்டறைகள் கூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையமாகவோ அமைத்துக்கொண்டன. சுண்ணாம்பும் ரசாயனமும் கலந்து கசடைப் படிய வைக்கும் முறை அது. நிறம் பெருமளவு போனது. உப்பு அப்படியே இருந்தது. கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. வெளியேறிய நீரில் அது அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருந்தது. கண்ணுக்குத் தெரிந்த குற்றத்துக்கு மட்டும் மருந்து போட்டதாகவே இந்தக் கட்டத்தைச் சொல்ல வேண்டும்.

இதற்கிடையே திருப்பூர் ஒரு பெரிய திட்டத்தை நிறைவேற்றியது. பவானி ஆற்றிலிருந்து குழாய் வழியே தண்ணீர் கொண்டுவர, அரசும் தனியாரும் கைகோத்து 1995-ல் புதிய திருப்பூர் பகுதி வளர்ச்சிக் கழகம் அமைந்தது. சுமார் ஆயிரம் கோடி ரூபாய்த் திட்டம் 2000களின் நடுவில் ஓடத் தொடங்கியது. தொழிற்சாலைகள் கூடுதல் விலை கொடுக்கும், வீடுகளுக்கும் கிராமங்களுக்கும் குறைந்த விலையில் கிடைக்கும் என்பது ஏற்பாடு. இந்தியாவில் தண்ணீர் விநியோகத்தில் தனியார் பங்கேற்ற முன்னோடித் திட்டமாக இது பேசப்பட்டது. லாரித் தண்ணீர்த் தொல்லைக்கு விடிவு பிறந்தது உண்மை. ஆனால் உள்ளே வரும் தண்ணீருக்கு இத்தனை நுட்பமாகத் திட்டமிட்டவர்கள், சாயமேற்றி வெளியே போகும் தண்ணீரைப் பட்டறைகளின் பொறுப்பில் விட்டுவிட்டார்கள்.

2003-ல் நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் தொடர்ந்த வழக்கு திருப்புமுனையானது. 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத முறைக்கு மாற வேண்டும் என்றது. மாறும்வரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசா, அடுத்து 8, பிறகு 10 பைசா என ஏறுமுகமாகத் தண்டத்தொகை விதித்தது. தொகை சிறிதாகத் தோன்றலாம். ஆனால் அதுவரை இலவசமாக இருந்த ஆற்றுக்கு அன்றுதான் லிட்டர் கணக்கில் விலை குறிக்கப்பட்டது. சாயப்பட்டறை உரிமையாளர் சங்கம் மேல்முறையீடு செய்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆணையை உறுதிசெய்து, அணையைத் துப்புரவாக்கும் செலவும் பட்டறைகளுடையதே என்றது. கழிவைக் குழாய் போட்டுக் கடலுக்குக் கொண்டுபோகும் யோசனையும் அந்த ஆண்டுகளில் பேசப்பட்டு, கைகூடாமல் போனது.

கெடுக்கள் கடந்தும் கழிவு ஓடியது. உழவர்கள் நீதிமன்ற அவமதிப்பு வழக்குத் தொடுத்தார்கள். 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம், பூஜ்ய வெளியேற்றத்தை எட்டாத எல்லாச் சாயப்பட்டறைகளையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடி மின் இணைப்பைத் துண்டிக்க உத்தரவிட்டது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் ஒரே அடியாக நின்றன. துணி வேறு மாவட்டங்களுக்கும் லூதியானாவுக்கும் சாயமேறப் போனது, ஆர்டர்கள் தாமதமாயின, சாயக்கூலி ஏறியது. தொழிலாளர்கள் பலர் ஊர் திரும்பினார்கள். இரவில் மறைவிடங்களில் இயங்கிய கள்ளப்பட்டறைகளும் முளைத்தன. பெரும் விலை இது, அந்த விலையில் பெரும்பங்கைக் கொடுத்தவர்கள் முடிவெடுக்கும் இடத்தில் இல்லாத தொழிலாளர்கள். திட்டமிட வேண்டிய நேரத்தில் திட்டமிட்டிருந்தால் இதில் பெரும்பகுதி நேர்ந்திருக்காது.

மீண்டும் திறக்க வழிசெய்தது தொழில்நுட்பமும் அரசுக் கடனும். மாநில அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. கழிவுநீரை நுண்ணுயிர்களால் தெளியவைத்து, எதிர்ச் சவ்வூடுபரவல் வழியாக நல்ல தண்ணீரைப் பிரித்துப் பட்டறைக்கே திருப்புவது முதல் படி. தொல்லை, மிஞ்சும் அடர்ந்த உப்புநீரில் இருந்தது. அதைக் கொதிக்கவைத்து ஆவியாக்க எரிபொருள் கட்டுப்படியாகவில்லை. அருள்புரம் நிலையத்தில் வேறு வழி பார்த்தார்கள்: உப்புநீரை முழுதும் ஆவியாக்காமல், நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கி, அதே உப்புநீரை மறுபடி சாயமேற்றப் பயன்படுத்தினார்கள். சாயமேற்ற எப்படியும் உப்புத் தண்ணீர்தானே வேண்டும்! சமையல் உப்புக்குப் பதில் சோடியம் சல்பேட்டுக்கு மாறியது இதை இன்னும் எளிதாக்கியது. இப்போது தண்ணீரில் 90 விழுக்காட்டுக்கு மேல் திரும்பக் கிடைக்கிறது.

இந்த மாற்றம் பட்டறைக்குள்ளும் நுழைந்தது. ஒவ்வொரு லிட்டரையும் சுத்திகரிக்கக் காசு கொடுக்க வேண்டும் என்றானதும், விஞ்ச் போய் குறைந்த தண்ணீரில் ஓடும் சாஃப்ட் புளோ இயந்திரம் வந்தது. சாயக்கூலி பேசும்போது சுத்திகரிப்புச் செலவும் சேர்ந்தே பேசப்படுகிறது. புதிய இயந்திரம் வாங்கப் பட்டறைக்காரர் முதலில் பார்ப்பது, தன் சுத்திகரிப்பு நிலையத்தில் தனக்குள்ள கழிவுநீர் ஒதுக்கீட்டை. ஊரின் சாயத்தொழில் எவ்வளவு வளரலாம் என்பதைச் சுத்திகரிப்பு நிலையங்களின் கொள்ளளவு முடிவுசெய்கிறது. 1985-ல் வகுத்திருக்க வேண்டிய எல்லை இது.

தீராதவையும் உண்டு. மறுபயனுக்கு உதவாத கலப்பு உப்பு மூட்டைகளாகச் சேர்கிறது, கசடும் அப்படியே. நீராவிக்கு விறகு எரிகிறது. மத்திய அரசு 2015-ல் ஜவுளித்தொழிலுக்குப் பூஜ்ய வெளியேற்றத்தை நாடு முழுதும் கட்டாயமாக்க வரைவு வெளியிட்டது. 2016-ன் இறுதி அறிவிப்பில் அந்தக் கட்டாயம் தளர்ந்துவிட்டது. வேறு மாநிலப் பட்டறை சுத்திகரிப்புக்குக் கொடுக்காத காசைத் தாங்கள் கொடுத்துக்கொண்டு அதே வாங்குபவருக்கு விலை சொல்ல வேண்டியிருக்கிறது என்ற திருப்பூர்க்காரர்களின் குறை நியாயமானது. ஒரு நகரத்தின் தொழில் கணக்கில் ஏறிய ஆறு, நாட்டின் தொழில் கொள்கையில் இன்னும் முழுதாக ஏறவில்லை.