திரையில் தேர்ச்சி, தளத்தில் தயக்கம்: டிஜிட்டல் தீ ஒத்திகைக்கான பயனர் ஆய்வு எதை அளக்க வேண்டும்?

1. சிக்கல்

நியூயார்க் உலக வர்த்தக மையக் கோபுரங்களிலிருந்து 2001 செப்டம்பர் 11 அன்று உயிர் தப்பியவர்களை அமெரிக்காவின் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் பின்னர் விரிவாக விசாரித்தது. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் முந்தைய ஓராண்டுக்குள் தீ ஒத்திகையில் கலந்துகொண்டவர்கள். கலந்துகொண்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அருகிலுள்ள படிக்கட்டு எங்கே இருக்கிறது என்று சொல்லித் தரப்பட்டிருந்தது. ஆனால் தப்பியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அன்றுவரை அந்தக் கட்டடத்தின் படிக்கட்டில் ஒருமுறைகூட இறங்கியதில்லை. பயிற்சிப் பதிவேட்டைப் பார்த்தால் குறை சொல்ல எதுவும் இருந்திருக்காது. பதிவேடு அளந்தது வருகையை, தேவைப்பட்டது பழக்கம்.

இந்த இடைவெளியை டிஜிட்டல் பயிற்சி குறைத்திருக்கிறதா, கூட்டியிருக்கிறதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இன்று பெரிய அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் தீ ஒத்திகையின் கணிசமான பகுதி கணினித் திரைக்கு மாறிவிட்டது. காணொளி, கேள்வி பதில், சில இடங்களில் மெய்நிகர் கண்ணாடி என்று வடிவங்கள் பல. இவற்றை உருவாக்குபவர்கள் பயனர் ஆய்வும் செய்கிறார்கள். அந்த ஆய்வு இரண்டு பிழையான அனுமானங்களின் மேல் நிற்கிறது என்பது என் வாதம். ஒன்று, தீயின்போது மனிதர் தனியாக முடிவெடுக்கிறார் என்பது. மற்றொன்று, பயிற்சி இணையதளத்தில் உள்நுழையும் கடவுச்சொல் வைத்திருப்பவர்தான் பயனர் என்பது. இரண்டையும் கைவிட்டால் ஆய்வின் முறை மட்டுமல்ல, பயிற்சியின் வடிவமே மாற வேண்டியிருக்கும்.

2. இப்போது அளக்கப்படுபவை

வழக்கமான ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம். திரையில் அபாய மணி ஒலிக்கிறது. ‘நீங்கள் என்ன செய்வீர்கள்?’ என்ற கேள்வி. (அ) லிஃப்டில் இறங்குவேன். (ஆ) படிக்கட்டு வழியாக இறங்கி அசெம்ப்ளி பாயிண்டுக்குச் செல்வேன். (இ) மடிக்கணினியை எடுத்துக்கொண்டு புறப்படுவேன். பாடத்தைப் பார்க்காதவரும் (ஆ) என்றே அழுத்துவார். பிறகு சான்றிதழ்.

இத்தகைய பாடத்தின் மீது நடக்கும் பயனர் ஆய்வு பெரும்பாலும் மூன்று எண்களைத் தருகிறது: எத்தனை பேர் முடித்தார்கள், எவ்வளவு மதிப்பெண் பெற்றார்கள், பயன்படுத்த எளிதாக இருந்ததா. மூன்றாவதற்கு ஜான் புரூக் 1986-இல் உருவாக்கிய, 10 கூற்றுகள் கொண்ட பயன்பாட்டு எளிமை அளவுகோல் இன்றும் கைகொடுக்கிறது. அளவுகோலில் குறையில்லை, அது கேட்கும் கேள்வி வேறு. திரையில் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தடுமாறாமல் கண்டுபிடித்தவர், புகை சூழ்ந்த தாழ்வாரத்தில் கதவைக் கண்டுபிடிப்பார் என்று அந்த எண் சொல்வதில்லை. சொல்வதாக யாரும் உரிமை கொண்டாடியதும் இல்லை.

பயிற்சி மதிப்பீட்டுக்கு டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் வகுத்த நான்கு படிகள் இங்கே உதவும்: பயிற்சி பெற்றவரின் எதிர்வினை, கற்றல், நடத்தை மாற்றம், விளைவு. டிஜிட்டல் தீ ஒத்திகையின் பயனர் ஆய்வு முதல் இரண்டு படிகளோடு நின்றுவிடுகிறது. நல்லவேளையாகத் தீ அடிக்கடி வருவதில்லை என்பதால் நான்காவது படியை நேரடியாக அளக்க இயலாது. மூன்றாவது படியை அளக்கலாம். அதை அளக்காமல் விடுவதற்கு நியாயம் குறைவு.

3. தனியாள் என்னும் அனுமானம்

தீயிலிருந்து வெளியேற எடுக்கும் நேரத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. நடந்து இறங்கும் நேரம் ஒன்று. அபாய அறிகுறி கிடைத்ததிலிருந்து புறப்படும்வரை கழியும் நேரம் மற்றொன்று. பின்னதை இங்கே புறப்பாட்டுத் தாமதம் என்று குறிப்பிடுகிறேன். மக்கள் பீதியடைந்து முண்டியடித்து ஓடுவார்கள் என்பது திரைப்படங்கள் வளர்த்த எண்ணம். கள ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது நேர்மாறானது: ஆபத்தின் தொடக்கத்தில் மக்கள் தாமதிக்கிறார்கள். பக்கத்தில் விசாரிக்கிறார்கள், பையைத் தேடுகிறார்கள், வீட்டுக்குப் போன் செய்கிறார்கள்.

இந்தத் தாமதத்தின் சமூக வேரைக் காட்டியது பிப் லத்தானே, ஜான் டார்லி இருவரும் 1968-இல் வெளியிட்ட சோதனை. மாணவர்கள் ஓர் அறையில் வினாத்தாளை நிரப்பிக்கொண்டிருக்கையில் சுவரிலுள்ள துவாரம் வழியாகப் புகை விடப்பட்டது. தனியாக இருந்த 24 பேரில் 18 பேர் எழுந்துபோய்த் தகவல் சொன்னார்கள். புகையைக் கண்டும் காணாததுபோல் இருக்கப் பழக்கப்பட்ட இருவருடன் உட்கார வைக்கப்பட்ட 10 பேரில் சொன்னவர் ஒருவரே. விஷயம் தெரியாத மூவர் சேர்ந்திருந்த 8 குழுக்களில் மூன்றில் மட்டுமே யாராவது ஒருவர் எழுந்தார். எழாதவர்களிடம் பிறகு கேட்டபோது, நீராவி என்றும் குளிர்சாதனக் கருவியின் ஆவி என்றும் காரணம் சொன்னார்கள்.

டிஜிட்டல் பயிற்சிக்கு இதன் பொருள் தெளிவானது. கணினி முன் தனியே அமர்ந்து பாடத்தை முடிப்பவர், அந்தச் சோதனையின் முதல் நிலையில், அதாவது மனிதர்கள் நன்றாகவே செயல்படும் நிலையில், தேர்வு எழுதுகிறார். மணி ஒலிக்கும் நாளில் அவர் இருக்கப்போவது மூன்றாவது நிலையில். ஆகவே தேர்ச்சி சதவீதம் குத்துமதிப்பானது என்பதோடு விஷயம் முடியவில்லை. அது எப்போதும் ஒரே பக்கம் சாய்கிறது. உண்மைத் திறனைக் கூட்டியே காட்டுகிறது. மாதிரியின் அளவைப் பெருக்கினாலும் இந்தச் சாய்வு நீங்காது.

ஓர் அலுவலகத் தளத்தில் மணி ஒலித்த முதல் நிமிடத்தைக் கவனித்தால் இது கண்கூடு. ஒருவர் ஹெட்போனைக் கழற்றுகிறார், ஆனால் எழவில்லை. அடுத்தவர் திரைக்கு மேலாகத் தலையை நீட்டி டீம் லீடரின் இருக்கையைப் பார்க்கிறார். டீம் லீடர் அழைப்பில் இருக்கிறார். ஒரு விரலை உயர்த்தி ‘ஒரு நிமிஷம்’ என்கிறார். வாசலில் செக்யூரிட்டி, இது ஒத்திகையா நிஜமா என்று கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போடுகிறார். ‘டெஸ்டிங்கா இருக்கும்’ என்று யாரோ சொன்னதும் ஹெட்போன் மீண்டும் காதுக்குப் போகிறது. இத்தனை பேரும் பாடத்தில் தேறியவர்களாகவே இருக்கலாம். சரியான விடை தெரியாததால் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

4. பயனர் யார்?

இரண்டாவது அனுமானத்துக்கு வருவோம். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பெவர்லி ஹில்ஸ் சப்பர் கிளப் 1977 மே 28 அன்று எரிந்தபோது 165 பேர் இறந்தார்கள். பெருங்கூடத்தில் நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கையில் மேடையேறி ஒலிவாங்கியைப் பிடித்து, வெளியேறும் வழிகளைக் கைகாட்டி எல்லோரையும் போகச் சொன்னவர் வால்டர் பெய்லி: மேசை துடைக்கும் பணியிலிருந்த 18 வயது இளைஞர். பலர் அதை நகைச்சுவை நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்து உட்கார்ந்தே இருந்தார்கள், எழுந்தவர்களில் பலர் பிழைத்தார்கள். பரிமாறும் பெண்கள் தத்தம் மேசை விருந்தினர்களைத் தாங்களே அழைத்துச் சென்றதும் விசாரணையில் பதிவானது. அன்றாடப் பணி தந்த பொறுப்பு, ஆபத்திலும் அப்படியே தொடர்ந்தது.

மேன் தீவின் சம்மர்லேண்ட் பொழுதுபோக்கு வளாகத்தில் 1973 ஆகஸ்ட் 2 அன்று 50 பேரைப் பலிகொண்ட தீயை ஆராய்ந்த ஜொனாதன் சைம் இதையே வேறொரு கோணத்தில் கண்டார். பொதுமக்கள் தாங்கள் வந்த வழியை நாடினார்கள். ஊழியர்கள் தங்களுக்குப் பழக்கமான பணியாளர் வழியை நாடினார்கள். பிள்ளைகளைப் பிரிந்திருந்த பெற்றோர் வாசலை விட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தேடினார்கள். வழி தேர்வதை அறிவிப்புப் பலகை தீர்மானித்ததைவிடப் பழக்கமும் உறவும் அதிகம் தீர்மானித்தன.

இந்த வெளிச்சத்தில் நம் கட்டடங்களைப் பார்க்கலாம். பின்புறப் படிக்கட்டில் தினமும் ஏறி இறங்குபவர் ஹவுஸ்கீப்பிங் பணியாளர். மொட்டைமாடிச் சாவி யாரிடம் என்று அறிந்தவர் செக்யூரிட்டி. வார்டில் எந்த நோயாளி தானே நடப்பார், எவரைத் தூக்க வேண்டும் என்று சொல்லக்கூடியவர் அட்டெண்டர். இவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். நிறுவன மின்னஞ்சல் இல்லாததால் பயிற்சித் தளத்தில் அவர்களுக்குக் கணக்கே இருப்பதில்லை. பயனர் ஆய்வு கணக்கு வைத்திருப்பவர்களிடமிருந்து மாதிரி எடுக்கிறது. எனவே கட்டடத்தை நன்கு அறிந்தவர்கள் ஆய்வுக்குள் வருவதற்கு முன்பே வடிகட்டப்பட்டுவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டுக்கு இது புத்தக விவாதமல்ல. கும்பகோணம் ஸ்ரீகிருஷ்ணா பள்ளியில் 2004 ஜூலை 16 அன்று சமையற்கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவியதில் 94 குழந்தைகள் மாண்டார்கள். தொடக்கப்பள்ளிக் குழந்தை தானாக வெளியேற முடிவெடுக்காது. பெரியவர் ஒருவரின் சொல்லுக்காகக் காத்திருக்கும். ஆகவே குழந்தைக்கு எவ்வளவு வண்ணமயமான செயலி செய்து கொடுத்தாலும், தீர்மானிக்கும் பயனர் ஆசிரியரும், அடுப்படியில் நிற்கும் சமையலரும், ஆயாவும்தான். பள்ளிப் பாதுகாப்பு தொடர்பான அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் 2009 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு இதைச் சரியாகவே பிடித்திருக்கிறது: ஆசிரியர்களோடு பிற ஊழியர்களும் பாதுகாப்புக் கருவிகளைக் கையாளவும் அவசர வெளியேற்றத்தைத் தொடங்கிவைக்கவும் பயிற்சி பெற வேண்டும் என்கிறது அது. தொடங்கிவைப்பது என்பது தனித் திறன். தான் வெளியேறத் தெரிந்த எல்லோருக்கும் அது வந்துவிடுவதில்லை.

5. மாற்று முறை

வெளியேற்றத்தைத் தொடங்கிவைக்கும் திறனைப் பயனர் ஆய்வு மையத்தில் வைத்தால் அதன் கருவிகள் மாறும். முதலாவது, களம். தேசியக் கட்டட விதித்தொகுப்பின் வழிகாட்டுதல்படி உயர்மாடிக் கட்டடங்களில் முதல் 2 ஆண்டுகள் 3 மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறையேனும் தீ ஒத்திகை நடக்க வேண்டும். ஆய்வாளருக்கு இதைவிட வாய்ப்பான களம் கிடையாது. டிஜிட்டல் பாடத்தை முடித்த தளத்தையும் முடிக்காத தளத்தையும் ஒரே ஒத்திகையில் ஒப்பிடலாம். ஒவ்வொரு தளத்திலும் ஒருவர் கடிகாரத்துடன் நின்று நான்கு விஷயங்களைக் குறித்தால் போதும்: முதல் ஆள் எழுந்த நேரம், அவர் எழுந்தது மணிக்கா யாரேனும் சொல்லியா என்பது, எந்தப் படிக்கட்டில் எத்தனை பேர் இறங்கினார்கள், கடைசி ஆள் தளத்தை விட்ட நேரம்.

இரண்டாவது, பேட்டி. ‘பாடம் பயனுள்ளதாக இருந்ததா?’ என்று கேட்டால் ‘இருந்தது’ என்ற பதிலே வரும். ஒத்திகை முடிந்த கையோடு, அசெம்ப்ளி பாயிண்டிலேயே, ‘மணி கேட்டபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், யாரைப் பார்த்தீர்கள், எதை எடுத்துக்கொண்டீர்கள், ஏன் அந்தப் படிக்கட்டு?’ என்று வரிசையாகக் கேட்க வேண்டும். நினைவு ஆறுவதற்குள் கேட்டால்தான் செய்தது வரும். மறுநாள் கேட்டால் செய்திருக்க வேண்டியதுதான் வரும்.

மூன்றாவது, மாதிரி. பணியாளர் பட்டியலை விட்டுவிட்டு, கட்டடத்தின் ஒரு நாளை அடிப்படையாகக் கொள்ள வேண்டும். காலை 7 மணிக்கு உள்ளே இருப்பவர் யார், இரவு 11 மணிக்கு யார், வருகையாளர் யார், சக்கர நாற்காலியில் வருபவர் எந்தத் தளத்தில் என்று பார்த்தால் மாதிரி தானாகவே விரியும்.

நான்காவதாக, பாடத்தையே சோதனைக் களமாக்கலாம். மேக்ஸ் கினாடெடர், வில்லியம் வாரன் இருவரும் 2016-இல் நிஜ அறையையும் மெய்நிகர் அறையையும் ஒப்பிட்டபோது, மணி ஒலித்தும் அசையாமல் இருக்கும் மெய்நிகர் மனிதர்கூடப் பங்கேற்பாளரை உட்கார வைக்கிறார் என்று கண்டார்கள். அப்படியானால் திரையில் தனி அறையைக் காட்டுவதற்குப் பதில், நகராத சக ஊழியர்கள் நிறைந்த தளத்தைக் காட்டலாம். பயிற்சி பெறுபவர் எத்தனை வினாடியில் வாய் திறக்கிறார், யாரிடம், என்ன வாக்கியம் சொல்கிறார் என்பதே அங்கே மதிப்பெண்.

6. எதிர்வாதங்கள்

லத்தானே, டார்லி சோதனை பெரும்பாலும் ஒருவரோடொருவர் நெருங்கிப் பழகாத மாணவர்களை வைத்து நடந்தது. தினமும் சேர்ந்து டீ குடிப்பவர்கள் அப்படி இருப்பார்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அறிமுகம் பேச்சை எளிதாக்கும். ஆனால் அறிமுகத்தோடு படிநிலையும் வருகிறது. மேலாளர் எழாதபோது புதிதாகச் சேர்ந்தவர் எழுவாரா என்பதற்கு விடை ஒவ்வொரு அலுவலகத்திலும் வேறுபடலாம். வேறுபடக்கூடியது என்பதே அதைக் களத்தில் அளப்பதற்கான காரணம்.

ஆட்களை நிறுத்திக் கவனிப்பது கண்காணிப்பாகிவிடாதா என்பது கனமான ஆட்சேபம். தாமதித்தவரின் பெயர் மனிதவளத் துறைக்குப் போகும் என்று தெரிந்தால் அடுத்த ஒத்திகையில் எல்லோரும் நடிப்பார்கள், ஆய்வு பாழாகும். எனவே பதிவு தளவாரியாக இருக்க வேண்டும், ஆள்வாரியாக அல்ல. முன்பு தீயில் சிக்கியவர்கள், கர்ப்பிணிகள், இதய நோயாளிகள் ஆகியோருக்கு முன்னறிவிப்பில்லாத ஒத்திகை தீங்கு செய்யலாம். அவர்களை விலக்கிவைக்க ஒரு வழியும், அவர்களுக்கு உதவுவோரைப் பற்றிய தனி ஆய்வும் வேண்டும்.

திரைவழிப் பாடமே வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவை ஒத்திகைக்காகக் காலிசெய்ய முடியாது. இரவுப் பணிக்காரரை எந்தப் பகல் ஒத்திகையும் தொடுவதில்லை. அங்கே டிஜிட்டல் பயிற்சிக்கு மாற்றில்லை. அதனாலேயே அது எதைத் தருகிறது என்று கறாராகக் கேட்க வேண்டியிருக்கிறது.

7. முடிவு

டிஜிட்டல் தீ ஒத்திகையின் பயனர், திரைக்கு முன் அமர்ந்த தனியாள் அல்லர். ஒரு தளத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும் குழு. அந்தக் குழுவில் முதலில் எழுந்து பிறரையும் எழுப்பக்கூடியவரை உருவாக்குகிறதா என்பதே பயிற்சிக்கான உரைகல். இதை அளக்கப் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை. விதிப்படி நடக்க வேண்டிய ஒத்திகையும் ஒரு கடிகாரமும் சில நேரான கேள்விகளும் போதும். பயிற்சித் தளத்தை விலைக்கு வாங்கும் நிறுவனங்கள் விற்பனையாளரிடம் முடித்தோர் சதவீதத்தைக் கேட்பதை நிறுத்திவிட்டு, பாடத்துக்கு முன்னும் பின்னும் புறப்பாட்டுத் தாமதம் எவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே கேட்கலாம். கணக்கு இல்லாத ஒப்பந்தத் தொழிலாளர்கள் அந்த அளவீட்டில் சேர்க்கப்பட்டார்களா என்பது இரண்டாவது நிபந்தனையாக இருக்கட்டும். இவ்விரண்டுக்கும் விடை தராத பயனர் ஆய்வு, மென்பொருளைப் பற்றிய ஆய்வாக இருக்கலாம். வெளியேற்றத்தைப் பற்றியது ஆகாது.